ஏழு ஊருக்குப் போயிருக்கு

முட்டை தீர்ந்த அட்டை ஒன்று,
முப்பது குழி.
குறுக்கே அறுத்தால் ஐந்தைந்தாய் ஆறு பட்டை,
இரண்டை ஒட்டினால் ஒரு புழு.
பதினாலு பிள்ளைக்குப் பதினாலு புழு வேண்டுமே என்று
அமுலு அக்கா முட்டைக் கடை வரை போய்
இன்னும் நாலு அட்டை
கெஞ்சி வாங்கி வந்தாள்.
ஒரு புழு மிச்சம்.
அது எனக்கு.

பங்குனி பிறந்தால் கொருக்குப்பேட்டையில்
கூட்ஸ் ஷெட் தூசியை ஒரு உதறு உதறிவிட்டு
எங்கள் அங்கன்வாடி வாசல் புங்கமரம்
பொரி பொரியாய்ப் பூ கொட்டும்.
பெருக்கின இடத்திலேயே மறுபடி கொட்டும்.
துடைப்பத்தை வை அக்கா,
இன்றைக்கு இதுதான் பாடம் என்றேன்.

முதல் குழியில் ஒரு பூ.
இரண்டாவதில் இரண்டு.
அப்படியே போனால் பத்தாவதில் பத்து.
சுலபம்
என்று நினைத்தவள் நான்.

"தலைய எண்ணணுமா டீச்சர்?"
ஸ்டிக்கர் பொட்டில் கண் வைத்த முதல் குழியை
அஃப்ரா உற்றுப் பார்த்தாள்.
தலையும் உடம்புதானே, எண்ணு.
"வாய்ல பூ போட்டா துப்பிடாதா?"
பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில்
இந்தக் கேள்வி இல்லை.

ஜெஃப்ரின் ஒன்று சொல்ல மாட்டான்.
ரயில்வே கேட் பக்கம் வண்டி போட்டு
அவித்த வேர்க்கடலை விற்கிறாள் அவன் அம்மா.
முதல் ஆழாக்கைக் கொட்டும்போது
அவள் வாயில் என்ன வருமோ
அதுதான் இவன் வாயிலும்:
லாபம், ரெண்டு, மூணு, நாலு...
ஒண்ணுடா கண்ணா, ஒண்ணு.
"ஒண்ணுன்னா கம்மியா கீது டீச்சர்.
லாபம்னா ரொம்ப கீது."
ஒரு பூதான் இருந்தது அந்தக் குழியில்.
குனிந்து பார்த்தேன்.
கொஞ்சம் ரொம்பத்தான் இருந்தது.

லோகித்துக்கு ஆறு வரைக்கும் சரி.
ஆறுக்கு அப்புறம் எட்டு.
எத்தனை தரம் விரலைப் பிடித்துச் சொன்னாலும்
ஆறு, எட்டு.
ஏழாம் குழி வெறுமையாய்க் கிடந்தது,
ஒரே ஒரு கட்டெறும்பு
உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.
ஏழு எங்கேடா?
"ஏழு ஊருக்குப் போயிருக்கு."
எப்போ வரும்?
தோளைக் குலுக்கினான்.
அவன் அப்பா லாரி ஓட்டுகிறார்.
அவர் எப்போது வருவார் என்றும்
இப்படித்தான் சொல்வான்.

தடதடவென்று தரை.
கூட்ஸ்!
பதினாலு புழுவும் அம்போ என்று கிடக்க
கம்பிவேலியில் பதினாலு மூக்கு.
எண்ணெய் டேங்கர், எண்ணெய் டேங்கர், எண்ணெய் டேங்கர்.
கனிஷ்காவுக்கு இருபது,
ஆசிஃபுக்கு நூறு,
ஜெஃப்ரினுக்கு லாபத்தில் ஆரம்பித்து
எங்கேயோ தொலைந்துபோனது.
நான் எண்ணியது நாற்பத்தொன்று.
கடைசியில் கார்டு பெட்டி கடந்ததும்
அஃப்ரா திரும்பினாள்.
"வால எண்ணணுமா டீச்சர்?"

வந்து பார்த்தால்
ரயில் அதிர்ந்த அதிர்வில்
மரம் தன் பங்குக்குக் குழிகளை நிரப்பியிருந்தது.
மூன்றில் ஒன்பது, ஐந்தில் கைகொள்ளாமல்.
லோகித்தின் ஏழில் மட்டும் ஒன்றுமில்லை,
சத்தியமாய்.
"எல்லாம் தப்பாப் பூச்சு" என்று உதட்டைப் பிதுக்கி
புழுவைக் குப்புறக் கவிழ்த்தாள் கனிஷ்கா.
பூவெல்லாம் மண்ணில்.
முதுகெல்லாம் மேடு.
அப்போதுதான் புழு புழுவாய் இருந்தது.
அடுத்த நொடி பதினாலும் கவிழ்ந்தன,
தவழ்ந்தன, மோதிக்கொண்டன,
ஒன்று அமுலு அக்காவின் காலைக் கடித்தது,
அவளும் கடிபட்டவள்போல் கத்தினாள்.
எண்ணுவதாவது ஒன்றாவது.

வீட்டுக்கு விடும் நேரம்.
வரிசையில் நிறுத்தி
தலை தலையாய்த் தொட்டு வந்தேன்.
லாபம் என்று என் வாயில் வந்துவிட்டது.
ஜெஃப்ரின் சிரிக்கவில்லை,
சரியாகச் சொன்னதற்குத் தலையாட்டினான்.
ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு,
முடியில் ஒட்டிய புங்கம்பூவோடு
லோகித்.
ஏழு என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான்.
"ஊர்லேந்து வந்துட்ச்சா?"